நீர் நெரிக்கும்போது

மலையிறங்கிய பாட்டில்

ஊட்டிக்குப் போய்வந்தவர்கள் பலரும் இதைக் கவனித்திருப்பார்கள். மலைமேல் தண்ணீரைக் குடித்து முடித்து, மூடியை இறுகத் திருகிப் பையில் போட்ட பிளாஸ்டிக் பாட்டில், மேட்டுப்பாளையம் வந்து சேர்வதற்குள் விலா ஒடுங்கிக் கிடக்கும். அதன்மேல் யாரும் உட்காரவில்லை, எதுவும் விழவில்லை. மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும், பாட்டிலும் பழைய உருவத்துக்கு வந்துவிடும்.

காரணம் எளியது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுதான் அதிகம். அந்த மெல்லிய காற்றை வயிற்றில் அடைத்துக்கொண்டு பாட்டில் கீழே இறங்குகிறது. வெளியே அழுத்தம் ஏறிக்கொண்டே வர, உள்ளே இருப்பது அப்படியே நிற்கிறது. அடிவாரத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், கடற்கரைக் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவுக்கே பாட்டில் ஒடுங்கிவிட்டது.

இப்போது ஒரு பெரிய சோடா பாட்டிலை எடுத்துக்கொள்வோம். அதுவும் அதே பிளாஸ்டிக்தான், சுவர் கொஞ்சம் தடிமன். மூடி திறக்காதவரை அதன் உள்ளே இருக்கும் வாயு, வெளிக்காற்றைப்போல் மூன்று நான்கு மடங்கு அழுத்தத்துடன் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பாட்டில் அசைவதில்லை. சோடா தீர்ந்தபின் அதே பாட்டிலை வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சிப் பாருங்கள், பக்கவாட்டுச் சுவர் உள்ளே போய்விடும். உள்ளிருந்து தள்ளிய அத்தனை அழுத்தத்தையும் தாங்கிய சுவர், வெளியிலிருந்து வந்த மிகச் சிறிய அழுத்தத்துக்கு ஏன் இணங்கியது?

கப்பல் கட்டுபவர்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி அன்று. கடலில் மிதப்பதும் மூழ்கிச் செல்வதும் ஆன எல்லாக் கலங்களின்மீதும் நீர் வெளியிலிருந்துதான் அழுத்துகிறது.

பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம்

முதலில் அளவைப் பிடித்துக்கொள்வோம். நம்மைச் சுற்றியுள்ள காற்று, நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் ஒரு கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. இதை ஒரு 'வளிமண்டலம்' என்று அளவாக வைத்துக்கொள்ளலாம். தண்ணீரில் இறங்கினால் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு வளிமண்டலம் கூடும். ஊட்டிப் பாட்டில் சந்தித்த வித்தியாசம் வெறும் 2 மீட்டர் தண்ணீருக்குச் சமம்.

சரக்கு ஏற்றிய கப்பல் ஒன்று 10 மீட்டர் ஆழத்துக்கு நீரில் அமிழ்ந்திருந்தால், அதன் அடித்தட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 10 டன் எடை மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தகடோ ஓரிரண்டு சென்டிமீட்டர் தடிமன்தான். அது தாக்குப்பிடிப்பது, உள்பக்கத்தில் நெருக்கமாக வெல்டிங் செய்யப்பட்ட குறுக்குச் சட்டங்களால். இரண்டு சட்டங்களுக்கு நடுவே தகடு எவ்வளவு தொய்யும், எவ்வளவு இழுபடும் என்பதை முதலில் ஒழுங்காகக் கணக்கிட்டவர்களில் ஒருவர் ரஷ்யக் கப்பல் பொறியாளர் இவான் பூப்னோவ். 1902-இல் லண்டனில் கப்பல் கட்டுநர்களின் சங்கத்துக்கு அவர் அளித்த கட்டுரையின் பொருளே, நீரழுத்தத்தால் கப்பலின் அடித்தட்டில் எழும் விசை என்பதுதான்.

தட்டையான தகடு கொஞ்சம் பொறுமைசாலி. சுமை கூடினால் தொய்ந்து, தொய்ந்தபின் இழுவிசையால் தாங்கிக்கொண்டு, அபாயத்தை முன்கூட்டியே கண்ணுக்குக் காட்டும். குழாயும் உருளையும் அப்படி இல்லை. அவை கடைசி நொடிவரை எதையும் காட்டாமல் இருந்து, ஒரே கணத்தில் குலைந்துவிடும்.

இழுப்பது வேறு, நெரிப்பது வேறு

உள்ளிருந்து அழுத்தும்போது குழாயின் சுவர் எல்லாப் பக்கமும் இழுபடுகிறது. சுவரில் எங்காவது ஒரு சின்னக் குழிவு இருந்தால், இழுப்பு அதை நிமிர்த்தி வட்டத்தை இன்னும் வட்டமாக்கும். பிழை தானாகத் திருந்துகிறது. ஆகவே குழாய் தோற்க வேண்டுமானால் உலோகமே கிழிய வேண்டும். உலோகத்தைக் கிழிப்பது சுலபமில்லை.

வெளியிலிருந்து அழுத்தும்போது கதை தலைகீழ். குழிவு இருக்கும் இடத்தில் சுவர் வட்டத்திலிருந்து விலகியிருக்கிறது. அழுத்தம் அந்த விலகலைக் கொஞ்சம் கூட்டுகிறது. விலகல் கூடியதால் அந்த இடம் இன்னும் வலுவிழக்கிறது, அதே அழுத்தம் அதை மேலும் உள்ளே தள்ளுகிறது. பிழை தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. ஓர் எல்லைவரை சுவரின் விறைப்பு இதைத் தடுத்து நிறுத்தும். எல்லையைத் தாண்டியதும் தடுக்க எதுவும் இல்லை. உலோகம் நசுங்கும் அளவுக்குச் சுமை வருவதற்கு வெகு முன்பே வடிவம் மடங்கிவிடுகிறது. இதை நாம் 'நெளிமுறிவு' என்று அழைப்போம். பொருள் தோற்பதற்கு முன் உருவம் தோற்பது என்பது இதன் பொருள்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. நெளிமுறிவு எப்போது நேரும் என்பதை உலோகத்தின் பலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. சுவரின் தடிமன், குழாயின் விட்டம், செய்யும்போது நேர்ந்த சிறு கோணல் ஆகிய எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இன்னொன்றும் உண்டு. 1850-களின் பொறியாளர்கள் அதைக் கணக்கிலேயே சேர்க்காமல் இருந்தார்கள்.

மான்செஸ்டரில் ஓர் இரும்புத் தொட்டி

வில்லியம் ஃபேர்பேர்ன் ஸ்காட்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் செய்தவர். பாலம், ஆலை, கொதிகலன் எல்லாம் கட்டியவர். தேம்ஸ் நதிக்கரையில் மில்வாலில் இரும்புக் கப்பல் கட்டும் துறையும் நடத்தினார். 1844-இல் ஹெதரிங்டன் என்பவருடன் சேர்ந்து அவர் காப்புரிமை பெற்ற கொதிகலன்தான் பின்னாளில் 'லங்காஷயர் கொதிகலன்' என்று உலகெங்கும் ஆலைகளில் நின்றது. பெரிய இரும்பு உருளையில் தண்ணீர், அதன் நடுவே நீளவாக்கில் ஓடும் இரண்டு குழாய்கள், குழாய்களுக்குள் நெருப்பு என்பது அதன் அமைப்பு. நெருப்புக் குழாயைச் சுற்றியிருக்கும் தண்ணீரும் நீராவியும் அதை வெளியிலிருந்து அழுத்துகின்றன. இந்தக் குழாய்கள் அவ்வப்போது உள்வாங்கிச் சிதைந்தன, கொதிநீர் சீறி ஆட்கள் இறந்தார்கள்.

விட்டமும் தடிமனும் ஒன்றாக இருந்தால், குழாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதன் பலம் ஒன்றுதான் என்பது அன்றைய பொறியாளர்களின் நம்பிக்கை. உள்ளிருந்து அழுத்தும்போது அது சரியும்கூட. நீளமான குழாயும் குட்டையான குழாயும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில்தான் வெடிக்கும். வெளியழுத்தத்துக்கும் அதுவே பொருந்தும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், யாரும் செய்து பார்க்கவில்லை.

ஃபேர்பேர்ன் செய்து பார்த்தார். கனமான வார்ப்பிரும்பில் ஓர் உருளைத் தொட்டி செய்தார். நீளம் 8 அடி, விட்டம் 28 அங்குலம். மெல்லிய இரும்புத் தகட்டைச் சுருட்டிச் செய்த குழாய்களை, இரண்டு முனைகளையும் கெட்டியான தட்டுகளால் அடைத்து, ஒவ்வொன்றாக அதற்குள் வைத்தார். தொட்டியில் நீர் நிரப்பிப் பம்பால் அழுத்தம் ஏற்றினார். சோதனைக் குழாயின் உட்புறத்திலிருந்து ஒரு சின்னக் குழல் தொட்டிக்கு வெளியே வந்தது. குழாய் நெரியும்போது உள்ளே அகப்பட்ட காற்று அதன் வழியாக வெளியேறிவிடும்; அப்படி விடாவிட்டால் அந்தக் காற்றே உள்ளிருந்து எதிர்த்துத் தள்ளி அளவைக் கெடுத்துவிடும். கடலுக்குப் போகாமலே கடலின் ஆழத்தைக் கரையில் உண்டாக்கும் ஏற்பாடு இது. இன்றைய அழுத்த அறைகள் எல்லாம் அடிப்படையில் இதே தொட்டிதான்.

ஆறு குழாய்கள்

அவருடைய சோதனைகளில் ஒரு தொகுப்பை மட்டும் எடுத்து நிதானமாகப் பார்ப்போம். ஆறு குழாய்கள். எல்லாம் ஒரே விட்டம்: 4 அங்குலம், அதாவது ஒரு சாணில் பாதிக்கும் சற்றுக் குறைவு. எல்லாம் ஒரே தடிமன்: ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. வேறுபடுவது நீளம் மட்டும்.

19 அங்குல நீளக் குழாய்கள் இரண்டு. ஒன்று சதுர அங்குலத்துக்கு 170 பவுண்டு அழுத்தத்தில் நெரிந்தது, மற்றது 137 பவுண்டில். 40 அங்குலக் குழாய் 65 பவுண்டில் நெரிந்தது. 38 அங்குலமும் 65-இல்தான். 60 அங்குலக் குழாய் 43 பவுண்டுக்கே மடிந்தது.

இந்த எண்களைக் கடலின் ஆழமாக மாற்றினால் நிலைமை பளிச்சென்று தெரியும். 19 அங்குலக் குழாயில் வலுக்குறைந்ததை ஏறக்குறைய 94 மீட்டர் ஆழம்வரை இறக்கலாம். 40 அங்குலக் குழாய் 45 மீட்டரைத் தாண்டியதும் போய்விடும். 60 அங்குலக் குழாய்க்கு 30 மீட்டர்தான் விதி. தகடு அதே தகடு, விட்டம் அதே விட்டம்.

இன்னும் ஒரு படி போவோம். ஒவ்வொரு குழாயின் நீளத்தையும் அது நெரிந்த அழுத்தத்தையும் பெருக்கிப் பாருங்கள். 19-ஐ 137-ஆல் பெருக்கினால் 2,603. 40-ஐ 65-ஆல் பெருக்கினால் 2,600. 60-ஐ 43-ஆல் பெருக்கினால் 2,580. கையால் சுருட்டிச் செய்த குழாய்களில் இவ்வளவு ஒற்றுமை கிடைத்தது வியப்புக்குரியது. நீளம் இரட்டித்தால் தாங்கும் அழுத்தம் பாதியாகிறது என்பதை எண்களே சொல்லிவிட்டன. 170 பவுண்டு தாங்கிய குழாய் மட்டும் இந்த வரிசையில் அடங்கவில்லை. ஒரே மாதிரி செய்த இரண்டு குழாய்களுக்கு நடுவே 33 பவுண்டு வித்தியாசம். அந்த வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள், பிறகு வருவோம்.

ஏன் இப்படி? முனைகளில் உள்ள கெட்டித் தட்டுகள் குழாயை வட்டமாகப் பிடித்துவைத்திருக்கின்றன. தட்டுக்கு அருகில் இருக்கும் சுவர் வட்டத்தைவிட்டு விலக முடியாது. தட்டிலிருந்து தள்ளித் தள்ளிப் போகப் போக அந்தப் பிடி தளர்கிறது. நீண்ட குழாயின் நடுப்பகுதிக்கு உதவி எங்கோ தூரத்தில் இருக்கிறது. அது இரண்டு பக்கமும் அமுங்கித் தட்டையாகிவிடும். குட்டைக் குழாய் அவ்வளவு சுலபமாகத் தட்டையாக முடியாது. அது மூன்று, நான்கு மடிப்புகளாகத்தான் குலைய வேண்டும், அதற்கு அதிக அழுத்தம் தேவை.

இனி ஆறாவது குழாய். அதுவும் 60 அங்குல நீளம்தான். ஆனால் அதன் வெளிப்புறத்தில் சம இடைவெளியில் இரண்டு இரும்பு வளையங்களைப் பற்றவைத்திருந்தார் ஃபேர்பேர்ன். வளையம் இல்லாத அதன் சகோதரன் 43 பவுண்டில் மடிந்தது அல்லவா? வளையம் போட்டது 140 பவுண்டுவரை நின்றது. அதாவது 19 அங்குலக் குழாயின் பலம். இரண்டு வளையங்களும் 60 அங்குலத்தை மூன்று 20 அங்குலத் துண்டுகளாகப் பிரித்துவிட்டன. தகட்டைத் தடிமனாக்காமல், விலையுயர்ந்த இரும்பைத் தேடாமல், இரண்டே வளையங்களால் பலம் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. பொறியியல் வரலாற்றில் இவ்வளவு மலிவாகக் கிடைத்த பலம் வெகு அபூர்வம் என்றே சொல்வேன்.

1858-இல் ராயல் சொசைட்டியின் இதழில் இந்த முடிவுகள் வெளிவந்தன. கொதிகலன் குழாய்களுக்கு வளையம் கட்டும் வழக்கம் பரவியது. 1877-இல் லீட்ஸ் நகரத்து சாம்சன் ஃபாக்ஸ், குழாயின் சுவரையே அலையலையாக மடித்து நெருப்புக் குழாய் செய்தார். ஒவ்வொரு அலையும் ஒரு வளையத்தின் வேலையைச் செய்தது. நீராவிக் கப்பல்களின் கொதிகலன்களில் அந்த நெளிகுழாய்கள் இடம் பிடித்தன. பின்னர் நீர்மூழ்கிகள் வந்தபோது அவற்றின் உடலும் இதே பாடத்தின்படிதான் எழுந்தது: உருளையான எஃகுச் சுவர், அதற்கு நெருக்கமான இடைவெளியில் வளையச் சட்டங்கள். 1934-இல் வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படையின் சோதனைக் கூடத்தைச் சேர்ந்த விண்டன்பர்க், ட்ரில்லிங் என்ற இருவர், சிறிய மாதிரி உருளைகளை நெரித்துப் பார்த்து, வளையங்களுக்கு இடையில் எவ்வளவு தூரம் விடலாம் என்பதற்கு நம்பகமான கணக்குமுறையைத் தந்தார்கள்.

வட்டம் வட்டமாக இல்லாதபோது

அந்த 170-க்கும் 137-க்கும் வருவோம். ஒரே நீளம், ஒரே தகடு. ஒன்று ஏன் கால்பங்கு கூடுதலாகத் தாங்கியது? விடை கோணலில் இருக்கிறது. தகட்டைச் சுருட்டி விளிம்புகளை இணைக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி இணைத்தால் அந்த இடத்தில் குழாய் சரியான வட்டமாக இராது. அப்படிப்பட்ட இணைப்பு பலத்தைக் குறைக்கிறது என்பதை ஃபேர்பேர்னே சோதித்து, விளிம்புகளை முட்டவைத்து இணைக்கும்படி சொன்னார். நீள்வட்டமாகச் செய்த குழாய்கள் இன்னும் மோசமாகத் தோற்றன.

கணக்கு போடும்போது நாம் வரைவது பிழையில்லாத வட்டம். பட்டறையில் கிடைப்பது வெல்டிங் சூட்டில் இழுத்துக்கொண்ட, ரோலரில் கொஞ்சம் மழுங்கிய வட்டம். அந்தக் கோணல் எங்கே, எவ்வளவு என்பது காகிதத்துக்குத் தெரியாது. ஆகவேதான் கணினியில் எத்தனை நுணுக்கமாகக் கணக்கிட்டாலும், செய்து முடித்த உறுப்பைத் தண்ணீரின் அழுத்தத்தில் வைத்துப் பார்க்காமல் கடலுக்கு அனுப்பக் கூடாது என்கிறோம்.

சோப்பு நுரையும் கண்ணாடிக் குழாயும்

சாதாரணக் கப்பல்களுக்கு ஆழ்கடல் அழுத்தம் வராது. ஆனால் அவற்றுக்குள்ளும் எரிபொருள், நன்னீர், நிலைப்படுத்தும் கடல்நீர் என்று பல தொட்டிகள் இருக்கின்றன. ஒரு தொட்டியின் சுவர் பக்கத்து அறைக்குத் தடுப்புச் சுவராகவும் இருக்கும். இவற்றில் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும்: சுவர் சுமையைத் தாங்குமா? இணைப்பு ஒழுகுமா? இரண்டும் ஒன்றென்று நினைப்பது ஆபத்து.

தாங்குமா என்பதற்குத் தொட்டியை நிரப்பித்தான் பார்க்க வேண்டும். தொட்டியின் உச்சிக்கும் மேலே குழாய் வைத்து, வழக்கமாக 2.4 மீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கும்படி ஏற்றுவார்கள். சுவர் எங்கே புடைக்கிறது, சட்டம் எங்கே வளைகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். எல்லாத் தொட்டிகளையும் நிரப்ப நேரமும் இராது, கப்பலைத் தாங்கும் மேடையும் அந்த எடைக்கு இணங்காது. ஆகையால் ஒரே அமைப்புள்ள தொட்டிகளில் ஒன்றைத் தேர்ந்து நிரப்புவது வழக்கம்.

ஒழுகுமா என்பதற்குக் காற்று போதும். தொட்டியை அடைத்து, ஒரு வளிமண்டலத்தில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் காற்றை ஏற்றுவார்கள். வெல்டிங் கோடுகள்மீது சோப்புக் கரைசலைப் பூசிக்கொண்டே போவார் ஒருவர். ஊசிமுனைத் துளை இருந்தாலும் அங்கே நுரை கொப்பளிக்கும். இந்தச் சோதனை பெயின்ட் அடிப்பதற்கு முன் நடக்க வேண்டும், இல்லையென்றால் பெயின்ட்டே துளையை மூடிக்கொண்டு எல்லாம் சரி என்று காட்டிவிடும். தொட்டியின் பக்கத்தில் 'யு' வடிவக் குழாய் ஒன்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள். அழுத்தம் அளவுமீறினால் அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேறிவிடும். அளவுகருவி பொய் சொல்லலாம், தண்ணீர் நிற்கும் உயரம் பொய் சொல்லாது.

அதிக அழுத்தத்தில் காற்றைக் கூடியவரை பயன்படுத்துவதில்லை. நூறு வளிமண்டல அழுத்தத்தில் தண்ணீர் தன் கொள்ளளவில் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் சுருங்குகிறது. ஆகவே சோதனையில் ஏதாவது உடைந்தால், கொஞ்சம் நீர் சிந்தியதும் அழுத்தம் இறங்கிவிடும். காற்று அப்படி இல்லை. அது நூறில் ஒரு பங்காகச் சுருங்கி, விரியக் காத்திருக்கும். உடைந்தால் அது குண்டு.

தேறிய இணைப்பு

1963 ஏப்ரல் 10. அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கியான த்ரெஷர், கேப் காட் முனைக்குக் கிழக்கே அட்லான்டிக்கில் தன் உச்ச ஆழத்தைச் சோதிக்க இறங்கியது. அந்த ஆழம் சுமார் 400 மீட்டர். கலம் திரும்பவில்லை. உள்ளே இருந்த 129 பேரும் இறந்தார்கள்.

விசாரணை மன்றத்தின் சந்தேகம் உடலின் எஃகுச் சுவர்மீது விழவில்லை. இயந்திர அறையில் கடல்நீரைக் கொண்டுபோகும் குழாய் ஒன்றின் இணைப்பு விட்டுப்போயிருக்க வேண்டும் என்று அது கருதியது. நீர்மூழ்கியின் சுவரை எவ்வளவு பலமாகக் கட்டினாலும், இயந்திரத்தைக் குளிரவைக்கக் கடல்நீர் உள்ளே வந்து போயாக வேண்டும். அந்தக் குழாய்க்குள் வெளிக்கடலின் முழு அழுத்தமும் இருக்கிறது. 400 மீட்டர் ஆழத்தில் 5 சென்டிமீட்டர் துளை ஒன்று விழுந்தால், நொடிக்கு நூறு லிட்டருக்குமேல் நீர் உள்ளே பாயும்.

த்ரெஷரில் ஏறக்குறைய 3,000 இணைப்புகள் வெள்ளி கலந்த பற்றாசால் ஒட்டப்பட்டவை. அவையெல்லாம் நீரழுத்தச் சோதனையில் தேறியவை. ஆனால் கடைசியாகத் துறையில் நின்றபோது, அவற்றில் 145 இணைப்புகளை மட்டும் மீயொலியால் ஊடுருவிப் பார்த்ததில் சுமார் 14 சதவீதம் தரத்துக்குக் கீழே இருந்தன. பற்றாசு இடைவெளி முழுவதும் பரவாமல் ஓரங்களில் மட்டும் பிடித்திருக்கும். அப்படிப்பட்ட இணைப்பும் கரையில் சில நிமிடங்கள் அழுத்தத்தைத் தாங்கிக் காட்டிவிடும்.

என்னைப் பொறுத்தவரை இந்த அத்தியாயத்தின் மிகக் கனமான செய்தி இதுதான். அழுத்தச் சோதனை, 'இன்று, இந்த அழுத்தத்தில், ஒருமுறை தாங்கியது' என்று மட்டுமே சொல்கிறது. உறுப்பு எவ்வளவு மிச்சப் பலத்துடன் தாங்கியது என்பதை அது சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேறு வழிகள் வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை 'சப்சேஃப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கடல் அழுத்தத்தைத் தொடும் ஒவ்வொரு உறுப்புக்கும் எந்த உலோகம், யார் ஒட்டியது, யார் சோதித்தது என்ற பதிவு கட்டாயமானது. அந்தச் சான்றிதழ் பெற்ற நீர்மூழ்கி எதுவும் இதுவரை மூழ்கவில்லை.

கோளத்தின் கணக்கு

சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் 'மத்ஸ்யா 6000' கலத்தை உருவாக்கி வருகிறது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அது முதன்முறையாக நீரில் இறக்கிச் சோதிக்கப்பட்டது. ஆழ்கடலுக்குச் செல்லும்போது ஆட்கள் உட்காரப்போவது 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் சுவரும் உள்ள டைட்டானியக் கோளத்துக்குள்.

ஏன் கோளம்? உருளைக்கு ஒரு திசையில்தான் வளைவு. கோளத்துக்கு எல்லாத் திசையிலும் வளைவு. ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள சுவரால் தாங்கப்படுகிறது, வளையமே தேவையில்லை. அந்தச் சுவர் படும் பாட்டைக் கணக்கிடலாம். 6,000 மீட்டரில் ஒவ்வொரு சதுர மீட்டர்மீதும் 6,000 டன். கோளத்தை நடுவில் இரண்டு கிண்ணங்களாக நினைத்துக்கொண்டால், ஒரு கிண்ணத்தை இன்னொன்றின்மேல் ஏறக்குறைய 21,000 டன் விசை அமுக்குகிறது. அந்த விசையைத் தாங்குவது கிண்ணங்கள் சந்திக்கும் விளிம்பு மட்டுமே. ஆக, சுவரின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் நான்கு டன். இத்தகைய டைட்டானியக் கலவை எட்டு டன் அளவில்தான் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும். பாதிப் பலம் கையிருப்பில் இருக்கிறது. ஆனால் சன்னலுக்கும் கதவுக்கும் மின்கம்பிக்கும் துளை போட்ட இடங்களில் இந்தக் கையிருப்பு சுருங்குகிறது, வட்டம் தவறிய இடங்களில் இன்னும் சுருங்குகிறது.

இத்தகைய கோளத்தை அழுத்த அறையில் சோதிக்கும்போது சுவரெங்கும் 'திரிபுமானி' ஒட்டுவார்கள். மெல்லிய உலோகக் கோடு ஒன்றை அஞ்சல்தலையைவிடச் சிறிய படலத்தில் பதித்திருப்பார்கள். சுவர் பத்து லட்சத்தில் சில பங்கு சுருங்கினாலும் அந்தக் கோட்டின் மின்தடை மாறிவிடும். அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, அளவைக் குறிப்பார்கள். அழுத்தம் இரட்டித்தால் சுருக்கமும் இரட்டிக்க வேண்டும். இறக்கினால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். ஏதாவது ஒரு புள்ளி இந்த ஒழுங்கிலிருந்து விலகினால் அங்கே உலோகம் நிரந்தரமாக உருமாறவோ வடிவம் நெளியவோ தொடங்குகிறது என்று பொருள், சோதனையை நிறுத்திவிடலாம். வேண்டுமென்றே உடைத்துப் பார்க்கும் மாதிரிகளுக்குள்ளும் தண்ணீர் நிரப்பி, வெளியேறும் நீரை ஒரு குழலில் அளப்பார்கள். அப்போது நெரிவு வெடிப்பாக இல்லாமல் மெதுவாக நடக்கும், எங்கே எப்படித் தொடங்கியது என்பதைக் கண்டுகொள்ளலாம்.

மீண்டும் மீண்டும்

ஒருமுறை தாங்கியது ஆயிரம்முறை தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆழ்கடல் கலம் ஒவ்வொரு பயணத்திலும் முழு அழுத்தத்துக்கு இறங்கி, மீண்டும் மேற்பரப்புக்கு ஏறுகிறது. உலோகத்தில் இதனால் விரிசல் எவ்வளவு வேகமாக வளரும் என்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது. புதிய பொருள்களுக்கு இல்லை.

டைட்டானிக்கின் சிதைவைப் பார்க்கப் பயணிகளைக் கொண்டுசென்ற டைட்டன் கலத்தின் நடு உடல், கார்பன் இழைகளைப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காகச் சுற்றிய உருளை. கார்பன் இழை இழுவிசைக்கு மிகப் பலமானது, நெரிப்பில் அந்தப் பலம் கிடைப்பதில்லை. அடுக்குகளுக்கு இடையே ஒட்டு விட்டுப்போனால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. 2022 ஜூலை 15 அன்று ஒரு பயணம் முடிந்து மேலே வரும்போது கலத்திலிருந்து பெரிய ஓசை கேட்டது. அதன் பிறகு நடந்த பயணத்தில் சுவரில் ஒட்டியிருந்த திரிபுமானிகள் காட்டிய அளவுகள் முன்போல் இல்லை. அதாவது, சுவர் பழைய ஒழுங்கில் சுருங்கவில்லை. சோதனைக்கூடத்தில் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பார்கள். டைட்டனோ எந்தத் தரச்சான்று அமைப்பிடமும் சான்று பெறாமல் ஓடிய கலம். நிறுத்தும்படி சொல்ல அதிகாரமுள்ள வெளியாள் யாரும் இல்லை. அது மறு ஆண்டு மீண்டும் கடலில் இறங்கியது.

2023 ஜூன் 18 அன்று அது நெரிந்து, உள்ளே இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2025 ஆகஸ்டில் வெளியிட்ட விசாரணை அறிக்கை, இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று தீர்ப்புச் சொல்கிறது.